பெர்மனென்ட் வேலைக்குப் போகும்போது லிமிடெட் கம்பெனியை என்ன செய்வது?

கேள்வி இதுதான். பிரிட்டனின் ரெடிங் நகரில் இருக்கும் ஒருவர் ஏழு ஆண்டாகத் தன் லிமிடெட் கம்பெனி வழியாக ஒரு வங்கிக்கு மென்பொருள் சோதனை வேலை பார்த்துவந்தார். இப்போது அதே வங்கி ஆண்டுக்கு 62,000 பவுண்டு சம்பளத்தில் பெர்மனென்ட் வேலை தருகிறது. கம்பெனியின் வங்கிக் கணக்கில் 82,000 பவுண்டு இருக்கிறது. பங்குகளில் 60 சதவீதம் அவர் பெயரில், 40 சதவீதம் மனைவி பெயரில். மனைவி கம்பெனியில் இயக்குநரும் இல்லை, ஊழியரும் இல்லை. அவருக்கு வேறு வருமானமும் இல்லை. இரண்டு பிள்ளைகள். கம்பெனியை அப்படியே விட்டுவைக்கலாமா, மூடிவிடலாமா, மூடினால் பணத்தை எப்படி வெளியே எடுப்பது?

லண்டனில் கான்ட்ராக்டர்களின் கணக்கு பார்ப்பதுதான் என் தொழில். 2021 ஏப்ரலில், கான்ட்ராக்டர் உண்மையில் ஊழியர் மாதிரியா என்று பார்த்து வரி போடும் ஐஆர்35 விதி தனியார் துறைக்கும் மாறியபோது, ஒரே ஆண்டில் இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் ஏராளம். அப்போது பார்த்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கணக்கெல்லாம் 2026-27 வரி ஆண்டின் விகிதப்படி.

கம்பெனியை மூட வேண்டும் என்றதும் எல்லோரும் படிவத்தைத்தான் தேடுகிறார்கள். படிவம் கடைசி வேலை. உள்ளே இருக்கும் பணம் உங்கள் கைக்கு எந்தப் பெயரில் வரப்போகிறது என்று முடிவு செய்வதுதான் முதல் வேலை. அதைக் கடைசி இன்வாய்ஸ் அனுப்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், ஏனென்றால் கம்பெனி தொழிலில் இருக்கும்போது மட்டும் திறந்திருக்கும் சில வழிகள், வேலை நின்ற மறுநாளே அடைபடத் தொடங்குகின்றன.

82,000 பவுண்டில் உங்களுடையது எவ்வளவு என்று பார்ப்போம். இந்த ஆண்டு லாபம் 70,000 பவுண்டு என்று வைத்துக்கொள்கிறேன். கம்பெனி லாபத்துக்கான வரி, கார்ப்பரேஷன் டாக்ஸ், முதல் 50,000க்கு 19 சதவீதம். அதற்கு மேல் 2,50,000 வரை உள்ள ஒவ்வொரு பவுண்டுக்கும், மார்ஜினல் ரிலீஃப் என்ற தள்ளுபடி கழித்த பிறகும், நடைமுறையில் 26.5 சதவீதம் போகிறது. ஆக 9,500ம் 5,300ம் சேர்ந்து 14,800. கடைசிக் காலாண்டு வாட் 5,700. அக்கவுண்டன்ட் கட்டணம், மற்ற சில்லறை பாக்கி 1,500. மிச்சம் 60,000. நீங்கள் யோசிக்க வேண்டிய தொகை இதுதான். முழு 82,000த்தையும் மனதில் வைத்து வீட்டுக்கு முன்பணம் பேசியவர்களை எனக்குத் தெரியும். அந்தத் தவறை மட்டும் செய்யாதீர்கள்.

இந்த 60,000 இரண்டு விதமாக வெளியே வரலாம். ஒன்று டிவிடெண்ட், லாபத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுப்பது, அதாவது வருமானம். இன்னொன்று மூலதனம், அதாவது உங்கள் பங்குகளை விற்றதற்குக் கிடைத்த விலை போல. இரண்டுக்கும் வரி வேறு. இடையில் ஒரு கோடு இருக்கிறது: 25,000 பவுண்டு. பதிவிலிருந்து நீக்கக் கேட்டு கம்பெனியை மூடும்போது, பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் மொத்தம் 25,000க்குள் இருந்தால் அதை மூலதனமாகக் கருதுவார்கள். ஒரு பவுண்டு தாண்டினாலும், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் டிவிடெண்டாகிவிடும். படிக்கட்டு இல்லை, நேராகப் பள்ளம். இன்னொன்றும் கவனியுங்கள்: இந்த 25,000 கம்பெனிக்கு மொத்தமாகத்தான். கணவனுக்கு 25,000, மனைவிக்கு 25,000 என்று நினைத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அப்படிக் கொடுத்த பிறகு இரண்டு ஆண்டுக்குள் கம்பெனி பதிவிலிருந்து போகவும் வேண்டும், இல்லையென்றால் சலுகை கைவிட்டுப் போகும்.

25,000க்கு மேல் இருந்து, அதை மூலதனமாகத்தான் எடுக்க வேண்டும் என்றால் முறையான கலைப்பு தேவை. எம்விஎல் என்று சொல்வார்கள். கடன் எல்லாம் அடைக்க வசதியுள்ள கம்பெனியை, உரிமம் பெற்ற ஒரு இன்சால்வன்சி பிராக்டிஷனர் மூலம் பங்குதாரர்களே விரும்பிக் கலைப்பது. பெயரில் இன்சால்வன்சி இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், திவாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கட்டணத்தை 2,000 பவுண்டும் வாட்டும், அதாவது 2,400 என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. 60,000த்தில் உங்கள் பங்கு 36,000, மனைவி பங்கு 24,000.

டிவிடெண்டாக எடுத்தால், உங்கள் சம்பளமே, உயர் வரி விகிதம் தொடங்கும் 50,270 பவுண்டுக் கோட்டைத் தாண்டிவிட்டது. அதனால் 500 பவுண்டு விலக்கு போக மிச்சம் 35,500க்கும் 35.75 சதவீதம், ஏறத்தாழ 12,691 பவுண்டு வரி. மனைவிக்கு 12,570 தனிநபர் விலக்கும் 500 டிவிடெண்ட் விலக்கும் போக 10,930க்கு 10.75 சதவீதம், 1,175 பவுண்டு. மொத்தம் 13,866.

மூலதனமாக எடுத்தால், உங்கள் 36,000த்தில் ஆண்டு விலக்கு 3,000 போக 33,000க்கு 18 சதவீதம், 5,940. இந்த 18 சதவீதம் பிசினஸ் அசெட் டிஸ்போசல் ரிலீஃப் என்ற சலுகை விகிதம். 2025 ஏப்ரல் வரை 10 சதவீதமாக இருந்தது, அப்புறம் 14 ஆகி, 2026 ஏப்ரலில் 18 ஆனது. மனைவிக்கு 24,000த்தில் 3,000 போக 21,000க்கு 18 சதவீதம், 3,780. அவர் இயக்குநரோ ஊழியரோ இல்லாததால் அந்தச் சலுகை கிடையாது. ஆனால் அவருடைய அடிப்படை வரம்புக்குள் சாதாரண மூலதன ஆதாய வரியும் இப்போது அதே 18தான் என்பதால் நஷ்டமில்லை. மொத்தம் 9,720.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மனைவியின் வரிசையைப் பாருங்கள்: டிவிடெண்ட் என்றால் 1,175, மூலதனம் என்றால் 3,780. வருமானம் இல்லாதவருக்கு மூலதனம்தான் விலை கூடிய வழி, ஏனென்றால் 12,570 விலக்கை மூலதன ஆதாயத்துக்கு எதிராகக் கழிக்க முடியாது. “எம்விஎல் எப்போதுமே லாபம்” என்று யாராவது சொன்னால், உங்கள் குடும்பத்தின் எண்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நீங்களும் மனைவியும் ஒரே வகைப் பங்கு வைத்திருந்தால் டிவிடெண்டை 60-40 என்றுதான் பிரிக்க முடியும். அவருக்கு மட்டும் டிவிடெண்ட், எனக்கு மட்டும் மூலதனம் என்று பொறுக்கி எடுக்க முடியாது.

இரண்டுக்கும் வித்தியாசம் 4,146 பவுண்டு. அதில் எம்விஎல் கட்டணம் 2,400 போனால் கையில் நிற்பது 1,746. சலுகை 10 சதவீதமாக இருந்த நாளில் இதே கணக்கு வேறு மாதிரி இருந்தது. அந்தக் காலத்து நண்பர்கள் சொல்லும் ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் வாங்குகிறீர்கள் என்றால் தராசு மறுபடி சாயும். பெற்றோரில் ஒருவர் வருமானம் 60,000 தாண்டினால் அந்தத் தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்ட வேண்டும், 80,000த்தில் முழுதும் போய்விடும். 62,000 சம்பளம் மட்டும் என்றால் பத்தில் ஒரு பங்குதான் போகும். அதோடு 36,000 டிவிடெண்ட் சேர்ந்து 98,000 ஆனால் முழுதும் போகும். இரண்டு பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டுக்கு மேல். மூலதன ஆதாயம் இந்தக் கணக்கில் வராது. ஆக உங்கள் விஷயத்தில் எம்விஎல்லால் வரும் நன்மை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இதுபோலவே, டிவிடெண்டால் மொத்த வருமானம் 1,00,000 தாண்டினால் தனிநபர் விலக்கும் கரையத் தொடங்கும், சிறு பிள்ளைகளின் நர்சரி உதவியும் போகும். உங்களுக்கு இன்னும் 2,000 பவுண்டுதான் இடைவெளி. புது வேலையில் போனஸ் உண்டென்றால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது ஒரு வழி இருக்கிறது. என்னைக் கேட்டால், நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது அதுதான்: பென்ஷன். கம்பெனியே உங்கள் பென்ஷனுக்கு நேரடியாகப் பணம் கட்டலாம். ஆண்டு வரம்பு 60,000 பவுண்டு, முந்தைய மூன்று ஆண்டில் பயன்படுத்தாத மிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டிய தொகை கம்பெனிக்குச் செலவு, அதனால் கார்ப்பரேஷன் டாக்ஸ் குறையும்; உங்கள் வருமானத்தில் சேராது.

46,000 கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். லாபம் 70,000த்திலிருந்து 24,000 ஆகும். முதல் 20,000க்கு 26.5 சதவீதமும் மிச்சம் 26,000க்கு 19 சதவீதமும் மிச்சமாகி, கார்ப்பரேஷன் டாக்ஸ் 10,240 குறையும். 60,000த்தில் 46,000 போய் 10,240 திரும்பி வந்தால் கம்பெனியில் நிற்பது 24,240. அந்தப் பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டீர்கள். எம்விஎல் வேண்டாம், சாதாரணமாகப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லலாம், இருவருக்கும் சேர்த்து மூலதன ஆதாய வரி சுமார் 3,283 பவுண்டு. இது பன்னிரண்டு மாதக் கணக்காண்டுக்குப் போட்ட கணக்கு. தொழில் நிற்கும் நாளோடு கணக்காண்டும் முடிந்துவிடும். அதனால் ஆண்டு பாதியில் நின்றால் அந்த 50,000 வரம்பும் அதே விகிதத்தில் சுருங்கும்.

ஒரே குறை, அந்த 46,000 இப்போது கைக்கு வராது. 2028 ஏப்ரலிலிருந்து தனியார் பென்ஷனைத் தொடும் வயது 57 ஆகிறது. வீடு வாங்கப் பணம் தேவை, ஊரில் அப்பா அம்மா வைத்தியச் செலவு இருக்கிறது என்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. தேவை இல்லாதவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி நான் பார்த்ததில்லை. ஆனால் பணம் கம்பெனிக் கணக்கிலிருந்து பென்ஷன் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அதுவும் நீங்கள் இன்னும் கம்பெனிக்காக வேலை செய்துகொண்டிருக்கும்போதே. தொழில் நின்ற பிறகு கட்டினால், அது தொழிலுக்கான செலவா என்ற கேள்வி எழும். பென்ஷன் நிறுவனத்தில் கம்பெனி வழிக் கட்டணத்துக்கான படிவங்கள் முடியவே சில வாரம் ஆகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

25,000க்குக் கீழே கொண்டுவர முன்கூட்டியே டிவிடெண்ட் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம். மூடுவது என்று முடிவான பிறகு, மூடுவதற்காகவே கொடுத்தது என்று தெரிந்தால் அதையும் அந்த மொத்தத்தில் சேர்க்க வேண்டும் என்று வரித் துறையான எச்எம்ஆர்சி வாதிட இடம் உண்டு. வழக்கமாகக் காலாண்டுக்கு ஒருமுறை எடுத்துவந்த அளவில், முறையான இயக்குநர் கூட்டக் குறிப்போடு எடுத்தது வேறு. மூடுவதற்கு முந்தைய வாரம் திடீரென்று 35,000 எடுப்பது வேறு.

சரி, மறுபடி கான்ட்ராக்டுக்குத் திரும்ப வாய்ப்பு இருக்கிறதா? இதற்கு உங்களுக்கு நீங்களே நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். 2016 ஏப்ரலிலிருந்து ஒரு விதி இருக்கிறது. எம்விஎல் வழியாகப் பணத்தை மூலதனமாக எடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுக்குள் அதே மாதிரித் தொழிலை இன்னொரு கம்பெனியிலோ தனியாகவோ தொடங்கினால், கலைத்ததன் முக்கிய நோக்கங்களில் ஒன்று வரியைக் குறைப்பது என்று கண்டால், எடுத்த பணத்தை வருமானமாகக் கருதி வரி கேட்பார்கள். உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு வங்கியில் மாதச் சம்பளத்துக்குச் சேர்வதை இந்த விதி குறிவைக்கவில்லை. ஆனால் ஆறு மாத புரோபேஷன் முடிவதற்குள் வேலை பிடிக்காமல் வெளியே வந்து, புதுப் பெயரில் கம்பெனி திறந்தால் உங்கள் நிலை பலவீனம். வேலைக்கான ஆஃபர் லெட்டரை, ஒப்பந்தத்தைப் பத்திரமாக வையுங்கள். ஏன் மூடினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

திரும்பும் எண்ணம் பாதிக்குப் பாதி என்றால், கம்பெனியைச் செயலற்றதாக, டார்மன்டாக, ஓர் ஆண்டு வைத்திருப்பது தப்பில்லை. அதற்கும் வேலை உண்டு. ஆண்டுதோறும் கணக்கும், கம்பெனி விவரங்களை உறுதிசெய்யும் கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மென்டும், கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸுக்குப் போக வேண்டும். கணக்கு ஒரு நாள் தாமதமானாலும் அபராதம் 150 பவுண்டு, ஆறு மாதம் தாண்டினால் 1,500. 2025 நவம்பர் 18 முதல் இயக்குநர்கள் அடையாளச் சரிபார்ப்பும் செய்தாக வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, 60,000 பவுண்டை வட்டி தரும் கணக்கில் போட்டுவைத்தால் கம்பெனி டார்மன்ட் இல்லை. வட்டி வருமானம், வருமானத்துக்கு வரிப் படிவம். பணத்தோடு தூங்கும் கம்பெனிக்கு இன்னொரு கெடுவும் இருக்கிறது: அந்த 18 சதவீதச் சலுகை வேண்டுமென்றால் தொழில் நின்ற மூன்று ஆண்டுக்குள் பணம் பங்குதாரர் கைக்கு வந்திருக்க வேண்டும். “பார்த்துக்கொள்ளலாம்” என்று நான்கு ஆண்டு விட்டவர்கள் 24 சதவீதம் கட்டினார்கள்.

மூடுவது என்று முடிவெடுத்துவிட்டால் வரிசை முக்கியம். கடைசி இன்வாய்ஸ் பணம் வந்து சேரட்டும். கடைசிச் சம்பளத்தைப் போட்டு, பே-ரோல் மென்பொருளில் இதுதான் இறுதிச் சமர்ப்பிப்பு, திட்டம் நிறுத்தப்பட்டது என்று தேதியோடு குறித்து அனுப்பி, வேலையை விட்டவருக்கு முதலாளி தரும் பி45 என்ற தாளை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளுங்கள். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் அந்த ஒரு தாள் புது முதலாளிக்குப் போகாவிட்டால் முதல் மாதச் சம்பளத்தில் தப்பான வரிக் குறியீட்டோடு பெரிய தொகை போய்விடும். பழைய கம்பெனியின் பே-ரோல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அமைப்பு நினைத்தால் புது வேலையை இரண்டாவது வேலையாக்கி, விலக்கே இல்லாமல் வரி பிடிக்கும் பிஆர் குறியீடு போட்டுவிடும்.

வாட் பதிவை, வாட்டுக்குரிய தொழில் நின்ற 30 நாளுக்குள் ரத்து செய்யக் கேட்க வேண்டும். இறுதி வாட் ரிட்டர்ன் தனி. அதற்குப் பிறகு வரும் அக்கவுண்டன்ட் பில்லில் உள்ள வாட்டை விஏடி427 என்ற படிவத்தில் கேட்டுப் பெறலாம், பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் தொழில் நின்ற நாள் வரைக்குமான இறுதிக் கணக்கும் கார்ப்பரேஷன் டாக்ஸ் ரிட்டர்னும். வரி கட்ட ஒன்பது மாதம் ஒரு நாள் அவகாசம் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே கட்டிவிடுங்கள்.

கம்பெனிக்கும் உங்களுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலைக் காட்டும் டைரக்டர்ஸ் லோன் கணக்கையும் திறந்து பாருங்கள். ஏழு ஆண்டில் கம்பெனி கார்டில் வாங்கிய விமான டிக்கெட், தவறுதலாகப் போன காஸ்ட்கோ பில் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். நீங்கள் கம்பெனிக்குத் தர வேண்டியது மிச்சமிருந்தால் திருப்பிப் போடுங்கள். கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குப் பிறகும் அது நின்றால் கம்பெனி 35.75 சதவீதம் வரை வரி கட்ட வேண்டிவரும்.

கம்பெனி பெயரில் வாங்கிய லேப்டாப், மானிட்டர், நாற்காலி எல்லாவற்றையும் இன்றைய சந்தை விலைக்கு உங்கள் பெயருக்கு மாற்றி, ஒரு தாளில் எழுதி வையுங்கள். வலைத்தள முகவரியையும் மறக்காதீர்கள். கம்பெனி பதிவிலிருந்து நீங்கும் அந்த நொடியில் அதன் பெயரில் எது மிச்சமிருந்தாலும் அது பிரிட்டிஷ் அரசுக்குச் சொந்தம். ‘போனா வெகன்ஷியா’ என்று லத்தீனில் சொல்வார்கள், உரிமையாளர் இல்லாத சொத்து என்று அர்த்தம்.

இந்த விஷயத்தில் ஒருவர் முகம் எனக்கு மறக்கவில்லை. எல்லாம் முடித்துவிட்டோம் என்று நினைத்து, வங்கிக் கணக்கை அவரே மூடிவிட்டார். கம்பெனியும் பதிவிலிருந்து போய்விட்டது. மூன்று வாரம் கழித்து ஒரு பழுப்பு உறை. உள்ளே கம்பெனி பெயருக்கு ஒரு காசோலை, வாட் திருப்பித்தரல் 640 பவுண்டு. உறையைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, “அண்ணா, இது என் காசுதானே?” என்றார். அவர் உழைத்த காசுதான். ஆனால் காசோலையில் இருந்த பெயருக்கு உயிர் இல்லை. தானே விண்ணப்பித்து மூடிய கம்பெனியை மீண்டும் பதிவுக்குக் கொண்டுவர நீதிமன்ற உத்தரவு வேண்டும்; அதற்கு ஆகும் செலவுக்கு 640 எந்த மூலைக்கு? காசோலையைத் திருப்பி அனுப்பினோம். அதிலிருந்து எச்எம்ஆர்சியிடம் வர வேண்டியதும் போக வேண்டியதும் பூஜ்யம் என்று ஆன்லைன் கணக்கில் கண்ணால் பார்க்காமல் அடுத்த அடி வைக்க யாரையும் விடுவதில்லை.

எல்லாம் பூஜ்யமாகி, பணம் பங்குதாரர் கைக்குப் போன பிறகுதான், பதிவிலிருந்து நீக்கக் கேட்கும் டிஎஸ்01 படிவம். விண்ணப்பிக்கும் முன் மூன்று மாதம் கம்பெனி தொழில் எதுவும் செய்திருக்கக் கூடாது, பெயரும் மாற்றியிருக்கக் கூடாது. பழைய பாக்கியை வசூலிப்பதும் கடனை அடைப்பதும் தொழிலாகாது. விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் அதன் பிரதியைக் கடன் கொடுத்தவர்கள், ஊழியர்கள், பங்குதாரர்கள், எச்எம்ஆர்சி எல்லோருக்கும் தர வேண்டும், தராவிட்டால் அது குற்றம். உங்கள் மனைவியும் பங்குதாரர். ஒரே வீட்டில் இருந்தாலும் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்ட தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு அரசிதழான லண்டன் கெசட்டில் அறிவிப்பு வரும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் இரண்டு மாதத்தில் கம்பெனி பதிவிலிருந்து நீங்கும். வங்கிகள் கெசட்டைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, அறிவிப்பு வந்ததும் கணக்கை முடக்கிவிடும் வங்கிகள் உண்டு. பணத்தை உள்ளே வைத்துக்கொண்டு டிஎஸ்01 அனுப்பாதீர்கள். ரிட்டர்ன் ஏதாவது பாக்கி என்றால் எச்எம்ஆர்சி ஆட்சேபிக்கும், நீக்கம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். எல்லாம் ஒழுங்காகப் போனால் கடைசி இன்வாய்ஸிலிருந்து ஆறேழு மாதம் ஆகும்.

எம்விஎல் என்றால் டிஎஸ்01 கிடையாது. எல்லாக் கடனையும் பன்னிரண்டு மாதத்துக்குள் அடைக்க முடியும் என்று நீங்கள் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். ஆதாரமில்லாமல் செய்வது குற்றம், அதனால் வரி நிலுவைகளை முதலில் தீர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பெரும்பகுதிப் பணம் சில வாரத்தில் வந்துவிடும், எச்எம்ஆர்சி ஒப்புதல் வரும் வரை கொஞ்சம் பிடித்துவைப்பார்கள்.

கோவிட் காலத்தில், 2020-இல், அரசு உத்தரவாதத்தோடு வாங்கிய பவுன்ஸ் பேக் லோன் பாக்கி இருக்கிறதா? இருந்தால் மேலே சொன்ன எதையும் தொடாதீர்கள், முதலில் கடனை அடையுங்கள். கடனோடு கம்பெனியைப் பதிவிலிருந்து நீக்கிவிட்டுப் போகலாம் என்று நினைத்த இயக்குநர்களை, கம்பெனி போன பிறகும் விசாரித்துத் தகுதி நீக்கம் செய்ய 2021-இல் சட்டமே வந்துவிட்டது.

மூடிய பிறகு காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். வங்கி அறிக்கை, இன்வாய்ஸ், ரசீது எல்லாம் ஏழு ஆண்டு இருக்க வேண்டும். ஊழியர் வைத்திருந்தால் ஊழியருக்கு வேலையால் நேரும் பாதிப்புக்கான எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி காப்பீட்டுப் பத்திரத்தை நாற்பது ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறார்கள். ஐஆர்35 பற்றிய பழைய ஒப்பந்தங்களும், வேலை எப்படி நடந்தது என்று காட்டும் மின்னஞ்சல்களும் அதே பெட்டியில் இருக்கட்டும். திறமையுள்ளவர்களுக்கு முன்பு தந்த டியர் 1 ஜெனரல் விசாவில் வந்த நம் ஆட்கள் பலர், விசா பார்க்கும் ஹோம் ஆஃபீஸுக்குச் சொன்ன வருமானமும் எச்எம்ஆர்சிக்குச் சொன்ன வருமானமும் ஒத்துப்போகவில்லை என்று நிரந்தரமாகத் தங்கும் உரிமை மறுக்கப்பட்டுத் தவித்ததை நினைத்துப் பாருங்கள். பல ஆண்டு கழித்து அந்தக் கணக்கு அப்படித்தான் என்று நிரூபிக்கக் காகிதம் ஒன்றுதான் அவர்களுக்குத் துணை. வேலையில் நேர்ந்த தவறுக்கு ஈடுதரும் புரொஃபெஷனல் இன்டெம்னிட்டி காப்பீட்டையும் தொழில் நின்ற அன்றே ரத்து செய்யாமல், பழைய வேலைக்கு வரும் புகாருக்கு ரன்-ஆஃப் காப்பு கேளுங்கள்.

கடைசியாக, புது வேலையில் சேர்ந்த பிறகும் பல மாதம் நீங்கள் அந்தக் கம்பெனியின் இயக்குநர்தான். வங்கி வேலை ஒப்பந்தங்களில் வெளிப் பொறுப்புகளைத் தெரிவிக்கச் சொல்லும் ஒரு பத்தி வழக்கமாக இருக்கும். சேரும் முன்பே மனிதவளத் துறைக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்: கம்பெனி இந்தத் தேதியோடு தொழிலை நிறுத்தியது, மூடும் பணி நடக்கிறது, புது வேலை எதுவும் எடுக்காது. பதில் மின்னஞ்சல் வந்தால் அதையும் அதே பெட்டியில் வையுங்கள்.